கடுக்காயின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளப்பது எப்படி: தோடு உடைப்பதிலிருந்து முடிவு எழுதுவது வரை

முதுகலை மாணவர்கள் ஆய்வுக்கு மூலிகை தேடி வரும்போது நான் முதலில் நீட்டுவது கடுக்காயைத்தான். காரணம் எளிது. அதில் சரக்கு நிறைய இருக்கிறது. அளவீட்டில் தவறு செய்தால் அந்தத் தவறும் பளிச்சென்று தெரிந்துவிடும். திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையோடு சேர்த்தது கடுக்காயை. சுண்ணாம்புச் சாந்து இறுகக் கலந்தது கடுக்காய் ஊறிய நீரை. கலம்காரித் துணியில் இரும்புக் கரைசலால் இழுத்த கோடு கன்னங்கரேலென்று பிடிக்க, முன்கூட்டித் துணியை நனைத்ததும் கடுக்காயிலும் பாலிலும்தான். இந்த வேலைகளில் பெரும்பங்கு டேனின் எனப்படும் துவர்ப்புப் பொருளுடையது. இணையில்லாத எலக்ட்ரானோடு நின்று மற்றப் பொருள்களோடு வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுக்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். சோதனைக் குழாயில் அதை அடக்குவதும் அதே டேனின்தான். அப்படி அடக்கும் திறனைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் என்கிறோம்.

தூள் வாங்குவதில் தொடங்கி அறிக்கையில் எழுதும் கடைசி வாக்கியம் வரை இங்கே சொல்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கருவிகளே போதும்: நான்கு தசம எடைத் தராசு, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், நல்ல பிப்பெட்டுகள். ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு. புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள். மெத்தனாலில் எடுத்த சாறு அளவீட்டுக்கு மட்டுமே. அதை வாயில் வைக்கக் கூடாது.

படி 1: சரியான காய், சரியான பகுதி

நாட்டு மருந்துக் கடையில் தூளாக வாங்காதீர்கள். முழுக் காயாக வாங்குங்கள். டெர்மினாலியா செபுலா என்ற மரத்தின் முற்றிய காய் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாக, நீள்முட்டை வடிவில், நீளவாக்கில் ஐந்து வரிகள் ஓட இருக்கும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். லேசாக இருந்தாலோ சிறு துளை தென்பட்டாலோ உள்ளே பூச்சி அரித்திருக்கிறது என்று ஒதுக்கிவிடுங்கள்.

ஜவ்வாது மலை போன்ற இடங்களில் சேகரிப்பவர்களிடம் நேரடியாக வாங்க முடிந்தால் மிக நல்லது. எந்த ஊர், எந்த மாதம் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். இலையும் காயும் சேர்ந்த கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ திருச்சி ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்திலோ அடையாளச் சான்று பெறுங்கள். சான்று எண் இல்லாத ஆய்வில் நீங்கள் எதை அளந்தீர்கள் என்பதே கேள்விக்குறியாகிவிடும்.

‘சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு’ என்பது நம் வீட்டுப் பழமொழி. சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும் என்று பொருள். அளவீட்டுக்கும் இது பொருந்தும். டேனின் செறிந்திருப்பது வெளித்தோட்டில். கொட்டையையும் சேர்த்து அரைத்தால் எடை கூடும், சத்து நீர்த்துப்போகும். கடைத் தூளை வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். கொட்டை எவ்வளவு கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

உடைக்கும்போது இரும்பு படக் கூடாது. பூண் போட்ட உலக்கையால் ஈரக் கடுக்காயை இடித்தால் தூள் சாம்பல் படிந்து கறுப்பதைப் பார்க்கலாம். டேனினும் இரும்பும் சேர்ந்து அங்கேயே மை ஆகிவிடுகிறது. அந்த அளவு டேனின் உங்கள் கணக்கிலிருந்து போய்விட்டது. கல் உரலில் தட்டி, கொட்டையை விலக்கி, தோட்டை நிழலில் உலர்த்தி, துருப்பிடிக்காத எஃகு மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடாகும். சலித்த தூளைக் காற்றுப் புகாத, ஒளி புகாத புட்டியில் வையுங்கள். இரண்டு கிராமைத் தனியே எடுத்து 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, ஈரப்பதம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சாறு எடுத்தல்

கடுக்காயில் நாம் தேடும் முக்கியச் சேர்மங்கள் காலிக் அமிலம், எலாஜிக் அமிலம், செபுலிக் அமிலம், இவற்றோடு செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் என்ற பெரிய டேனின்கள். காலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 170. பின்னவை இரண்டும் 950-ஐத் தாண்டும். இவை குளுக்கோஸ் ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றி காலிக், செபுலிக் முதலான துண்டுகள் எஸ்டர் பிணைப்பால் ஒட்டியவை. வெந்நீரில் நெடுநேரம் கொதித்தால் அந்தப் பிணைப்புகள் அறுந்து சிறு அமிலங்களாகப் பிரிந்துவிடும். ஆகவே சாக்ஸ்லெட் கருவியில் நாள் முழுக்கக் காய்ச்சி எடுத்த சாறு, காயில் இருந்த கலவையை அப்படியே காட்டாது. ‘சாக்ஸ்லெட்டில்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்’ என்று மாணவர்கள் சொல்வார்கள். கடுக்காய்க்கு அது பொருந்தாது என்பதே என் பதில்.

5 கிராம் தோட்டுத் தூளை 50 மி.லி. மெத்தனால்-நீர் கலவையில் (80 பங்கு மெத்தனால், 20 பங்கு நீர்) போட்டு, அறை வெப்பத்தில், இருட்டில், 24 மணி நேரம் குலுக்கியில் வையுங்கள். வடிகட்டிய சக்கையை இன்னும் இரண்டு முறை புதுக் கரைப்பானில் ஊறவைத்து, மூன்று வடிநீரையும் ஒன்றுசேருங்கள். சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்ற விடுங்கள். வெறும் குடுவையின் எடையை முதலிலேயே எழுதி வைத்திருந்தால்தான் சாற்றின் எடை தெரியும். இதை மறந்துவிட்டு முழு வேலையையும் மறுபடி தொடங்கியவர்களை வருடந்தோறும் பார்க்கிறேன். 5 கிராமில் 2.1 கிராம் சாறு கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் விளைச்சல் 42 சதவீதம். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

நம் மரபில் கடுக்காயை உண்பது சூரணமாகவும் நீரில் காய்ச்சிய குடிநீராகவும்தான். அதனால் இன்னொரு 5 கிராமை நீரில் மட்டும் காய்ச்சி, இரண்டாவது சாறாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒப்பிடும்போதுதான் ஆய்வுக்கு உயிர் வருகிறது.

படி 3: இருக்கிறதா என்று பார்ப்பது

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். நீர்த்த சாற்றில் ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டால் நீலங்கலந்த கறுப்பு பரவும். கடுக்காயின் வகை டேனினுக்கு அதுவே அடையாளம். கறுப்பில் பச்சை தட்டினால் அது செறிவு டேனின் என்ற வேறு வகையைக் காட்டும். உப்புச் சேர்த்த ஜெலட்டின் கரைசலில் வெள்ளையாகத் திரிந்து படிந்தால் டேனின் உறுதி. தோலைப் பதனிடும்போது நடப்பதும் இதே புரதப் பிணைப்புதான்.

படி 4: மொத்த ஃபீனால்

டேனின்களும் காலிக் அமிலமும் ஃபீனால் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பம் மொத்தம் எவ்வளவு என்று அளக்க உதவுவது, ஃபீனாலோடு சேர்ந்தால் நீலமாகும் ஃபோலின் வினைப்பொருள். ஓட்டோ ஃபோலினும் சியோகால்டூவும் 1927-ல் புரதத்தில் உள்ள டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் அளக்கக் கண்டது அது. 1965-ல் சிங்கிள்டனும் ரோசியும் திராட்சை மதுவின் ஃபீனாலை அளக்க அதைச் செம்மைப்படுத்தினார்கள். இன்று மூலிகை ஆய்வகங்களில் ஓடுவது அந்த முறையின் வழித்தோன்றல்களே.

100 மி.கி. காலிக் அமிலத்தை 100 மி.லி.யில் கரைத்து, அதிலிருந்து மி.லி.க்கு 20, 40, 60, 80, 100 மைக்ரோகிராம் கரைசல்களைத் தயாரியுங்கள். கடுக்காய்ச் சாற்றை மி.லி.க்கு 100 மைக்ரோகிராமாக வையுங்கள். ஒவ்வொரு குழாயிலும் 0.5 மி.லி. மாதிரி, பத்து மடங்கு நீர்த்த ஃபோலின் வினைப்பொருள் 2.5 மி.லி. ஐந்து நிமிடம் கழித்து 7.5 சதவீத சோடியம் கார்பனேட் 2 மி.லி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வினைப்பொருள் காரத்தில் வேகமாகச் சிதையும். கார்பனேட்டை முதலில் விட்டால், ஃபீனாலைச் சந்திக்கும் முன்பே அது பாழாகிவிடும். ஒரு மணி நேரம் இருட்டில் வைத்து, 765 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். அளவு 1-ஐத் தாண்டினால் சாற்றை நீர்த்து மறுபடி செய்யுங்கள்.

கணக்கு இப்படி. காலிக் அமிலத்தின் ஐந்து செறிவுகளையும் அவற்றின் உறிஞ்சலையும் வைத்து ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோட்டின்படி, மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் சாறு 40 மைக்ரோகிராம் காலிக் அமிலத்துக்குச் சமமான நீலத்தைத் தந்தது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு கிராம் சாற்றுக்கு 400 மி.கி. விளைச்சல் 42 சதவீதம் என்பதால், ஒரு கிராம் தோட்டுத் தூளுக்கு 168 மி.கி. (எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை.) இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதாமல் ‘ஒரு கிராமுக்கு’ என்று மட்டும் எழுதுவது மிகப் பரவலான பிழை. சாற்றின் எண்ணையும் தூளின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், அந்த எண் நமக்கே கடுக்காய் கொடுத்துவிடும்.

இன்னொன்று. ஃபோலின் வினைப்பொருளுக்கு ஃபீனாலை மட்டும் தேர்ந்தெடுக்கத் தெரியாது. எலக்ட்ரான் தருகிற எதனோடும் நீலமாகும். வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரைகள், சில புரதங்கள் எல்லாம் அந்த எண்ணில் ஏறிக்கொள்ளும். கடுக்காயில் ஃபீனாலே மிகுதி என்பதால் சமாளிக்கலாம். திரிபலாவில் அதன் கூட்டாளியான நெல்லிக்காயில் வைட்டமின் சி நிறைய. நெல்லிக்காயை அளப்பவர்கள் வைட்டமின் சி-யைத் தனியே அளந்து சொல்லாமல் மொத்த ஃபீனால் என்று எழுதக் கூடாது.

படி 5: டி.பி.பி.எச். சோதனை

இதுதான் பார்க்கவே அழகான படி. டி.பி.பி.எச். என்பது அறை வெப்பத்தில் நிலைத்து நிற்கும் அபூர்வமான ஃப்ரீ ராடிக்கல். நைட்ரஜன் மேல் இணையில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு, மெத்தனாலில் நாவல்பழச் சாறு போல ஊதாவாக நிற்கும். ஹைட்ரஜன் அல்லது எலக்ட்ரான் தரும் பொருள் வந்தால் இணை கிடைத்து வெளிர் மஞ்சளாகிவிடும். அதை ஆன்டிஆக்ஸிடன்ட் அளவுகோலாக 1958-ல் முன்வைத்தவர் பிளாய்ஸ். கடுக்காய்ச் சாற்றைப் பிப்பெட்டிலிருந்து விடும் நொடியில் கவனியுங்கள். துளி விழுந்த இடத்தில் ஊதா கிழிந்து மஞ்சள் இழை ஒன்று சுழன்று இறங்கும். குலுக்கியதும் முழுக் குழாயும் மங்கிய செங்கல் நிறமாகி, நிமிடங்கள் போகப் போக வைக்கோல் நிறத்துக்கு வரும்.

டி.பி.பி.எச்.-இன் மூலக்கூறு எடை 394.3. 0.1 மில்லிமோலார் கரைசலுக்கு 100 மி.லி.யில் 3.94 மி.கி. வேண்டும். அவ்வளவு சிறிய எடையைத் துல்லியமாக நிறுப்பது கடினம். 39.4 மி.கி. எடுத்து 100 மி.லி. மெத்தனாலில் கரைத்து, அதைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தாள் சுற்றிய குடுவையில் வையுங்கள், நீர்த்ததை அன்றே பயன்படுத்துங்கள். 517 நானோமீட்டரில் அதன் உறிஞ்சல் ஏறக்குறைய 1.1 வர வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் பொருள் பழையது அல்லது எடை தவறு. மேலே போகாமல் அங்கேயே நிறுத்திச் சரிபாருங்கள்.

முதலில் சாற்றை மி.லி.க்கு 1, 10, 100 மைக்ரோகிராம் என்று அகலமாக வைத்து ஒரு முன்னோட்டம் பாருங்கள். கடுக்காய்க்குப் பெரும்பாலும் 4, 8, 12, 16, 20, 24, 32 என்ற வரிசை ஒத்துவரும். ஒவ்வொன்றிலும் 1 மி.லி. எடுத்து 3 மி.லி. டி.பி.பி.எச். சேருங்கள். சாற்றுக்குப் பதில் 1 மி.லி. மெத்தனால் விட்ட ஒப்பீட்டுக் குழாய் ஒன்று. ஒவ்வொரு செறிவுக்கும் 1 மி.லி. சாறும் 3 மி.லி. வெறும் மெத்தனாலும் கொண்ட நிறத்திருத்தக் குழாய் ஒன்று. பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிக் குழாயைத்தான். கீரைச் சாற்றின் பச்சையமும் செம்பருத்தியின் சிவப்பும் தாமே ஒளியை உறிஞ்சும். அதைக் கழிக்காவிட்டால் அந்தச் செடியின் திறன் குறைவாகத் தெரியும். முப்பது நிமிடம் இருட்டில் வைத்து 517-ல் படியுங்கள்.

கணக்கு: சாற்றுக் குழாயின் உறிஞ்சலிலிருந்து நிறத்திருத்தக் குழாயின் உறிஞ்சலைக் கழியுங்கள். வந்ததை ஒப்பீட்டுக் குழாயின் உறிஞ்சலிலிருந்து கழித்து, ஒப்பீட்டின் உறிஞ்சலாலேயே வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அதுதான் ராடிக்கல் அடங்கிய சதவீதம். 20 முதல் 80 சதவீதத்துக்குள் கோடு நேராக ஓடும் புள்ளிகளை மட்டும் வைத்து, 50 சதவீதம் அடங்கும் செறிவைக் கண்டுபிடியுங்கள். அதுவே ஐ.சி.50. எண் சிறுத்தால் திறன் கூடுதல் என்று பொருள்.

இப்போது, நீங்கள் செய்தது சரியா என்று எப்படித் தெரியும்? வைட்டமின் சி-யை அதே முறையில் ஓட்டுங்கள். அதன் ஒரு மூலக்கூறு டி.பி.பி.எச். மூலக்கூறுகள் இரண்டை அடக்கும். நம் குழாயில் 1-க்கு 3 கலந்ததால் டி.பி.பி.எச். செறிவு 75 மைக்ரோமோலார். பாதி அடங்க 37.5 வேண்டும். அதற்கு வைட்டமின் சி 18.75 மைக்ரோமோலார் போதும். மூலக்கூறு எடை 176-ஆல் பெருக்கினால் மி.லி.க்கு 3.3 மைக்ரோகிராம். கலந்த பிறகுள்ள செறிவு அது. குழாயில் விடும் முன்பு என்றால் நான்கு மடங்கு, அதாவது 13.2. உங்களுக்கு இதை ஒட்டிய எண் வந்தால் கரைசல், பிப்பெட், கருவி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. 50 அல்லது 100 என்று வந்தால், கடுக்காயைத் தொடுவதற்கு முன் தவறைத் தேடுங்கள்.

இந்தச் சிறு கணக்கு இன்னோர் உண்மையையும் காட்டிக்கொடுக்கிறது. டி.பி.பி.எச்.-ஐ இரட்டிப்பாக்கினால் வைட்டமின் சி-யின் ஐ.சி.50-யும் இரட்டிப்பாகும். அது மூலிகையின் நிரந்தரக் குணம் அல்ல, கலந்த விகிதத்தைப் பொறுத்த எண். ஓர் ஆய்வில் கடுக்காய்க்கு 5, இன்னொன்றில் 20 என்று பார்த்ததும் முதலாவது ஊரின் காய் சிறந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இருவரும் எடுத்த டி.பி.பி.எச். அளவையும் நேரத்தையும் பாருங்கள்.

நேரமும் முக்கியம். வைட்டமின் சி நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும். பெரிய டேனின்கள் மெதுவாக, நெடுநேரம் வினைபுரியும். 1, 5, 10, 30, 60 நிமிடங்களில் ஒரே குழாயைப் படித்து வரைபடம் போட்டால் இந்த வேறுபாடு கண்முன் நிற்கும். அந்த ஒரு வரைபடத்தை பத்து ஐ.சி.50 எண்களை விட மதிப்பாக நான் கருதுகிறேன். நீர்ச் சாறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டி.பி.பி.எச். தண்ணீரில் கரையாது. கலவையில் நீர் பாதியைத் தாண்டினால் கலங்கி, எண்கள் தாறுமாறாகும்.

படி 6: மூன்று முறை என்றால் என்ன

ஒரே சாற்றை மூன்று குழாயில் விட்டு ‘மூன்று முறை செய்தேன்’ என்று எழுதுவது உங்கள் பிப்பெட் கையின் நிதானத்தை மட்டுமே காட்டும். தூளிலிருந்து தனித்தனியாக மூன்று முறை சாறு எடுத்து, ஒவ்வொன்றையும் மும்முறை அளந்து, சராசரியும் திட்டவிலக்கமும் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும்தான். ஆனால் இந்த இடத்தில் குறுக்குவழி கிடையாது.

படி 7: எந்தச் சேர்மம் வேலை செய்கிறது

சாற்றின் சேர்மங்களைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய அடுக்கு நிறப்பிரிகைத் தட்டு ஒன்று போதும். சிலிகா ஜெல் தட்டில் சாற்றையும் பக்கத்தில் காலிக் அமிலம், எலாஜிக் அமிலம் இரண்டையும் பொட்டிடுங்கள். டொலுயீன், எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம், மெத்தனால் ஆகியவற்றை 3 : 3 : 0.8 : 0.2 விகிதத்தில் கலந்து ஓடவிடுங்கள். தட்டு நன்றாக உலர்ந்ததும் 0.2 சதவீத டி.பி.பி.எச். கரைசலைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் தெளியுங்கள். தட்டு முழுக்க ஊதாவாகி, ராடிக்கலை அடக்கும் சேர்மம் நிற்கும் இடங்களில் மட்டும் மஞ்சள் பொட்டுகள் பூக்கும். காலிக் அமிலத்துக்கு நேராக ஒன்று, பொட்டிட்ட இடத்தை விட்டு அதிகம் நகராத பெரிய டேனின்களின் பட்டை ஒன்று. ஊதா மங்கிக்கொண்டே போகும், உடனே படம் எடுத்துவிடுங்கள்.

அளவாகச் சொல்ல வேண்டுமென்றால் உயர் செயல்திறன் திரவ நிறப்பிரிகைக்கு அனுப்புங்கள். மாணவர்கள் வழக்கமாகப் பணம் கட்டுவது ஜி.சி.-எம்.எஸ். (வாயு நிறப்பிரிகை-நிறை நிறமாலை) பகுப்பாய்வுக்கு. கடுக்காய்க்கு அது வீண் செலவு என்று மனதாரச் சொல்கிறேன். அந்தக் கருவி ஆவியாகும் பொருள்களை மட்டுமே பார்க்கும். 950 எடையுள்ள டேனின் ஒருபோதும் ஆவியாகாது. அறிக்கையில் வருவது கொழுப்பமிலங்களும், பிளாஸ்டிக் குழாயிலிருந்து கரைந்து வந்த தாலேட்டுகளும், சூட்டில் காலிக் அமிலம் உடைந்து பிறந்த பைரோகலாலும். அந்தப் பட்டியலைக் ‘கடுக்காயின் மருத்துவச் சேர்மங்கள்’ என்று அச்சிடுவது காய்க்குச் செய்யும் அநியாயம்.

படி 8: என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது

குழாயில் ராடிக்கலை அடக்கியது உடலிலும் அடக்கும் என்பதற்கு இந்தச் சோதனைகளில் எந்த ஆதாரமும் இல்லை. செபுலாஜிக் அமிலம் போன்ற பெரிய மூலக்கூறு குடல் சுவரை எளிதில் தாண்டாது. எலாஜிக் வகை டேனின்களைக் குடல் நுண்ணுயிரிகள் உடைத்து யூரோலித்தின் என்ற வேறு சேர்மங்களாக மாற்றுகின்றன. இரத்தத்தில் உலவுவது பெரும்பாலும் நீங்கள் குழாயில் அளந்த பொருளே அல்ல. அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்களைப் பட்டியலிட்ட தன் ஓராக் தரவுத்தளத்தை 2012-ல் இதே காரணத்தால் விலக்கிக்கொண்டது. அந்த எண்களை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கடுக்காயை நம் மருத்துவம் நூற்றாண்டுகளாகக் கையாண்டு வருகிறது. அதற்கு அளவும் அனுபானமும் உண்டு, கர்ப்பிணிகளுக்கு விலக்கு என்ற எச்சரிக்கையும் உண்டு. அதை ஒரு சித்த மருத்துவர் சொல்லட்டும். நம் ஐ.சி.50 எண்ணை வைத்து நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முடிவுப் பகுதியில் இப்படி எழுதுங்கள்: ‘இன்ன மலையில், இன்ன மாதத்தில் சேகரித்த, இன்ன சான்று எண் கொண்ட கடுக்காயின் கொட்டை நீக்கிய தோட்டை 80 சதவீத மெத்தனாலில் அறை வெப்பத்தில் எடுத்த சாறு, 75 மைக்ரோமோலார் டி.பி.பி.எச். கரைசலில் பாதியை 30 நிமிடத்தில் அடக்கத் தேவைப்பட்ட செறிவு, மி.லி.க்கு இத்தனை மைக்ரோகிராம். அதே நிலையில் வைட்டமின் சி-க்கு இத்தனை.’ இரண்டு எண்களையும் அவற்றின் திட்டவிலக்கத்தோடு நிரப்புங்கள். மிச்சமிருக்கும் மெத்தனால் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், பெயர் எழுதிய கழிவுப் புட்டியில் சேருங்கள்.